நாய்க்கொட்டிலின் தகரக் கூரைக்கு ஸ்பிரே ஃபோம் அடிக்கும் முன்

விலங்குகள் காப்பகம் ஒன்றில் கட்டட வேலைகளைப் பார்த்துக்கொள்பவள் நான். வேறு காப்பகங்களை நடத்துகிற நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, “கூரைக்கு ஸ்பிரே ஃபோம் அடிக்கலாமா?” என்றுதான். பீய்ச்சியதும் உப்பி இறுகி, வெப்பத்தைத் தடுக்கும் பாலியூரிதேன் நுரைதான் இந்த ஸ்பிரே ஃபோம். தாராளமாக அடிக்கலாம். எங்கள் நாய்க்கொட்டிலின் தகரக் கூரைக்கு அடியில் அடித்திருக்கிறோம், அதன் பலனைத் தினமும் பார்க்கிறேன். ஆனால் வீட்டுக்கு அடிப்பது போல இங்கே அடித்துவிட்டுப் போக முடியாது. வீட்டில் யாரும் சுவரைக் கடிப்பதில்லை. தினமும் இரண்டு வேளை சுவரில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதில்லை. ஒரே அறைக்குள் இத்தனை உயிர்கள் இரவும் பகலும் மூச்சுவிடுவதும் இல்லை. ஃபோம் அடிக்கிறவர்கள் தரும் விளக்கத் தாளில் இவையெல்லாம் இருக்காது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

வெயிலில் காயும் தகரம் 60 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தாண்டும். அந்தச் சூடு காற்று வழியாக மட்டும் வருவதில்லை. தகட்டிலிருந்து நேராகக் கதிர்வீசி, கீழே படுத்திருக்கும் விலங்கின் முதுகில் இறங்குகிறது. ஃபேன் போட்டாலும் அந்தக் கதிர்வீச்சு குறையாது. நாய்க்கு நம்மைப் போல உடம்பு முழுக்க வியர்க்காது, பாதங்களில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். அதன் இயல்பான உடல் வெப்பமே 38.3 முதல் 39.2 டிகிரி. அது மேலே ஏறாமல் காத்துக்கொள்ள நாய்க்கு உள்ள முக்கியமான வழி, வாயைத் திறந்து இரைப்பது. நாக்கிலும் மூச்சுப் பாதையிலும் உள்ள ஈரம் ஆவியாகிப் போனால்தான் உடம்பு தணியும். அறைக்காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால், எவ்வளவு இரைத்தும் பலன் குறைவு. சப்பை மூக்கு நாய்கள் இந்த நிலையில் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அமெரிக்காவின் காப்பகக் கால்நடை மருத்துவர்கள் சங்கம் 2010இல் வெளியிட்ட வழிகாட்டி, அறை வெப்பம் 15.5 டிகிரிக்கு மேலும் 26.6 டிகிரிக்குக் கீழும், ஈரப்பதம் 30 முதல் 70 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும் என்றது. வெறும் தகரத்துக்குக் கீழே இதைக் காப்பாற்றுவது பெரும்பாடு.

குளிர் நேரத்தில் வேறு தொல்லை. விலங்குகள் விடும் மூச்சிலும், கழுவிய தரையிலும் இருந்து கிளம்பும் ஈரம் மேலே போய், குளிர்ந்த தகட்டில் பட்டுத் துளியாகி, சொட்டு சொட்டாகப் படுக்கைகளின் மேல் விழும். அறைக்குள் 20 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் இருந்தால், தகடு 14 டிகிரிக்குக் குளிர்ந்தாலே போதும், சொட்ட ஆரம்பித்துவிடும். இரவில் தகடு தன் வெப்பத்தை வானத்தை நோக்கிக் கதிர்வீசிக் குளிர்வதால், வெளிக்காற்றைவிட அதன் வெப்பம் இன்னும் கீழே இறங்கும். மழையே இல்லாத நாளில் கூரை ஒழுகுகிறது என்று ஆட்களைக் கூப்பிட்டு ஓட்டை தேடுகிறார்களே, பெரும்பாலும் காரணம் இதுதான்.

இங்கேதான் ஃபோம் மற்ற எல்லாவற்றையும் முந்துகிறது. வெப்பத்தைத் தடுக்கக் கண்ணாடி நாரோ, ராக்வூல் எனப்படும் கல் நாரோ போட்டால் அதற்கும் தகட்டுக்கும் நடுவே எங்காவது இடைவெளி இருக்கும். ஈரக்காற்று அந்த இடுக்கில் நுழைந்து தகட்டைத் தொட்டுத் தண்ணீராகிவிடும். நார் நனைந்து தொங்கும், பிறகு எலிகள் குடியேறும். ஃபோம் தகட்டோடேயே ஒட்டிப் பிடித்துக்கொள்கிறது. சரியான வகை ஃபோம் என்றால் ஈரக்காற்று குளிர்ந்த தகட்டைத் தொட வழியே இல்லை. எங்கள் கொட்டிலில் சொட்டுவது அடியோடு நின்றது. மழை பெய்யும்போது கூரை அதிரும் சத்தமும் நன்றாகக் குறைந்திருக்கிறது. மழைச் சத்தத்துக்கே நடுங்கி மூலையில் ஒடுங்கும் நாய்கள் எந்தக் காப்பகத்திலும் உண்டு. அவற்றுக்காகவாவது இதைச் செய்யலாம் என்பேன்.

சரி, எந்த ஃபோம்? இரண்டு வகை இருக்கிறது. ஓப்பன் செல் என்பது மெத்தென்று இருக்கும். அடித்தால் சுமார் நூறு மடங்கு உப்பும், கன மீட்டருக்கு 8 கிலோ அளவில்தான் எடை. குளோஸ்டு செல் கெட்டியானது. முப்பது நாற்பது மடங்கு உப்பும், கன மீட்டருக்கு 32 கிலோ வரும். வெப்பத்தைத் தடுக்கும் திறனைக் குறிக்கும் ஆர் மதிப்பு, ஓர் அங்குலத்துக்கு ஓப்பன் செல்லில் 3.5 அளவிலும், குளோஸ்டு செல்லில் 6 அல்லது அதற்குச் சற்று மேலும் இருக்கும். ஆனால் காப்பகத்துக்கு இந்த எண்ணைவிட முக்கியம் ஈரம். ஓப்பன் செல் ஸ்பாஞ்ச் மாதிரி. காற்று ஈரம் அதன் ஊடே போய்த் தகட்டைத் தொட்டுவிடும், தண்ணீர் பட்டால் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். குளோஸ்டு செல் ஒன்றரை இரண்டு அங்குலம் இருந்தால் ஈர ஆவியையே பெருமளவு தடுத்துவிடும். தண்ணீர் புழங்கும் எந்தக் கொட்டிலுக்கும் நான் குளோஸ்டு செல்லைத்தான் சொல்வேன். ஓப்பன் செல் மலிவாக முடிகிறது என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

ஒரு காப்பகத்தைப் பார்க்கப் போயிருந்தேன். கூரையிலிருந்து தரை வரைக்கும் சுவர் முழுவதும் ஓப்பன் செல் அடித்து, மேலே ஒரு பூச்சு மட்டும் பூசி விட்டிருந்தார்கள். நாய்களின் உயரம் வரைக்கும் அந்தச் சுவர் குதறிக் கிடந்தது. பல் பதிந்த பள்ளங்களுக்குள் மஞ்சள் பழுப்பாகச் சிறுநீர் ஊறியிருந்தது. அங்கே வேலை செய்யும் அம்மா கிருமிநாசினி ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்க்கத் தேய்க்க ஃபோம் துகள்தான் உதிர்ந்தது, வாடை போகவில்லை. விரலால் ஓர் இடத்தை அழுத்திப் பார்த்தேன், ஈரம் கசிந்து வந்தது.

வாடை கூடப் பரவாயில்லை. நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் சாதகமான இடத்தில் ஓர் ஆண்டு, அதற்கு மேலும்கூட உயிர்ப்போடு இருக்கும். பூனைகளின் படர்தாமரை வித்துகளும் மாதக்கணக்கில் கிடக்கும். கிருமிநாசினி வேலை செய்ய வேண்டுமானால் முதலில் அழுக்கு போக வேண்டும், பிறகு மருந்து ஈரமாகவே சில நிமிடங்கள் பரப்பில் நிற்க வேண்டும். குதறிய ஃபோமில் இரண்டுமே நடக்காது. குட்டிகளை வைக்கும் அறையில் அப்படி ஒரு சுவர் இருந்தால், ஒவ்வொரு புதுக் குட்டியும் முந்தைய குட்டியின் நோயோடு சேர்த்துத்தான் அங்கே வாழும்.

ஆகவே நான் பிடிவாதமாக இருக்கும் விஷயம் ஒன்று உண்டு. விலங்கின் பல்லும் நகமும் சிறுநீரும், நம் தண்ணீர்க் குழாயும் எட்டாத இடத்தில்தான் ஃபோம் இருக்க வேண்டும். கூரையின் அடிப்பக்கம், சுவரின் மேல்பகுதி சரி. கீழ்ச்சுவருக்கும் இன்சுலேஷன் தேவைப்பட்டால் சுவரின் நடுக்குழிக்குள் அடித்து, முன்னால் கெட்டியான பலகை போட்டு மூட வேண்டும். நாங்கள் ஃபைபர் சிமெண்ட் பலகை வைத்து, அதன் மேல் கண்ணாடியிழைத் தகடு ஒட்டி, இணைப்புகளை எல்லாம் சீலன்ட் வைத்து அடைத்தோம். தரையும் சுவரும் சேரும் மூலையில் வளைவாகப் பூசியிருக்கிறோம். அங்கே ஓர் இடுக்கு இருந்தாலும் கழுவும் தண்ணீர் பலகைக்குப் பின்னால் போய்விடும். பூனைக்கு “எட்டாத உயரம்” என்று ஒன்று கிடையாது என்பதால், பூனை அறையில் கூரையையும் சேர்த்தே பலகையால் மூடினோம்.

மூடுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் தீ. பாலியூரிதேன் ஃபோமில் தீயை மட்டுப்படுத்தும் பொருள் கலந்திருந்தாலும் அது எரியும். எரிந்தால் கரும்புகையோடு கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வரும். 2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ‘தி ஸ்டேஷன்’ என்ற இசை விடுதியில் வாணவேடிக்கைப் பொறி சுவரில் ஒட்டியிருந்த ஃபோமில் பட்டுத் தீப்பிடித்து 100 பேர் இறந்தார்கள். அது ஸ்பிரே ஃபோம் அல்ல, சத்தத்தை அடக்க ஒட்டிய ஃபோம். ஆனால் மூடாத ஃபோமில் தீ எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை உலகம் அன்று பார்த்தது. அங்கே இருந்தவர்கள் கதவை நோக்கி ஓடவாவது முடிந்தது. நம்மிடம் இருப்பவை தாழ்ப்பாள் போட்ட கூண்டுக்குள் இருக்கின்றன. குளிருக்குப் போடும் வெப்ப விளக்கு, துணி உலர்த்தும் இயந்திரம், எலி கடித்த ஒயர் என்று தீ தொடங்க வழிகளும் காப்பகத்தில் ஏராளம்.

அமெரிக்கக் கட்டட விதிகள், மனிதர் புழங்கும் அறைக்கும் ஃபோமுக்கும் நடுவே 15 நிமிடம் வெப்பத்தைத் தாங்கும் தடுப்பு வேண்டும் என்கின்றன. அதற்கு அவர்கள் வழக்கமாகக் காட்டும் அளவுகோல் அரை அங்குல ஜிப்சம் பலகை. கழுவும் இடத்தில் ஜிப்சம் ஊறிப்போகும், அங்கே வேறு பலகைதான் சரி. கூரைக்கு, சூடுபட்டால் உப்பிக் கரித்திரையாகிற பூச்சு ஒன்று இருக்கிறது. ஆனால் அந்தப் பூச்சு, நீங்கள் அடிக்கப்போகும் அதே ஃபோமின் மேல் பூசிச் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். சோதனைச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். “எல்லா ஃபோமுக்கும் இது போதும்” என்று வாய்ச்சொல்லாகச் சொல்வதை ஏற்காதீர்கள். உங்கள் ஊர் விதி என்ன கேட்கிறது என்பதை ஒரு பொறியாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

அடுத்தது காற்று. என்னைக் கேட்டால் ஃபோமுக்கு ஆர்டர் கொடுக்கும் முன்பே முடிவு செய்ய வேண்டியது இதுதான். பழைய தகரக் கொட்டிலில் தகடுகள் சேரும் இடம், முகடு, சுவர் விளிம்பு என்று எல்லா இடத்திலும் காற்று ஒழுகிக்கொண்டிருக்கும். நமக்குத் தெரியாமலே அந்த ஒழுக்கில்தான் பாதி நாற்றம் வெளியே போய்க்கொண்டிருந்தது. ஃபோம் அடித்ததும் அந்த வழிகள் எல்லாம் அடைபடும். அறையின் வெப்பம் உள்ளேயே தங்கும், கூடவே சிறுநீரின் அம்மோனியாவும் ஈரமும் கிருமியும் தங்கும். பூனை அறையில் சளிக்காய்ச்சல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ இதைவிட வசதி வேண்டாம்.

காப்பகங்களுக்குப் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு, மணிக்கு 10 முதல் 20 முறை அறைக்காற்று புதுக்காற்றாக மாற வேண்டும் என்பது. 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள அறை என்றால் 180 கன மீட்டர். குறைந்த கணக்குக்கே மணிக்கு 1,800 கன மீட்டர் காற்றை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும், அதே அளவு உள்ளே வர வழியும் வேண்டும். இவ்வளவு காற்றை மாற்றும்போது, சூடாக்கிய அல்லது குளிர்வித்த காற்றும் கூடவே போகத்தான் செய்யும். அதனால் ஃபோம் அடித்தால் மின்கட்டணம் அப்படியே பாதியாகிவிடும் என்று யாராவது சொன்னால், காலியாக இருக்கும் கிடங்குக்கு வேண்டுமானால் அது பொருந்தலாம். நமக்குக் கிடைக்கும் நிஜமான லாபம், தலைக்கு மேல் கொதிக்கும் தகடு இல்லாமல் போவதும், சொட்டு நிற்பதும். குளிர்ப்பகுதிகளில் இருப்பவர்கள், வெளியே போகும் காற்றின் வெப்பத்தை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றித் தரும் கருவியையும் சேர்த்து யோசிக்கலாம்.

காற்றோட்டம் போதுமா என்று பார்க்க நான் செய்வது எளிது. இரவெல்லாம் மூடியிருந்த கொட்டிலைக் காலையில் திறந்ததும், கழுவுவதற்கு முன்னால், தரையில் மண்டியிட்டு நாயின் மூக்கு இருக்கும் உயரத்தில் மூச்சை இழுத்துப் பார்ப்பேன். நின்றுகொண்டு பார்த்தால் தெரியாத நெடி அங்கே தெரியும். சிறுநீர் கிடப்பது தரையில், அம்மோனியா கிளம்புவதும் அங்கிருந்துதான். கண் கரித்தால் ஃபேனை ஏற்ற வேண்டும்.

அடிக்கும் நாளைப் பற்றிச் சொல்கிறேன். வேன் ஒன்றில் இரண்டு டிரம்கள் வரும். ஒன்றில் எம்டிஐ எனப்படும் ஐசோசயனேட். இன்னொன்றில் பாலியால், அதோடு வினையூக்கி, உப்ப வைக்கும் பொருள், தீத்தடுப்பான் எல்லாம் கலந்திருக்கும். இரண்டும் சூடான குழாயில் வந்து துப்பாக்கி முனையில் சமபங்காகக் கலந்து, பட்ட இடத்தில் சில விநாடிகளில் உப்பி நிற்கும். இறுகியபின் இது பெரும்பாலும் சாதுவான பொருள். அடிக்கும்போது அப்படி இல்லை. தொழிலிடங்களில் ஆஸ்துமா வரக் காரணமான பொருள்களில் ஐசோசயனேட் முன்வரிசையில் இருக்கிறது. அடிக்கிறவர்கள் முழு உடையும் காற்றுக்குழாய் வைத்த முகமூடியும் போட்டுக்கொண்டுதான் வேலை செய்கிறார்கள்.

அப்படியிருக்க, “பக்கத்து அறைக்கு மாற்றிவிட்டால் போதும், பிளாஸ்டிக் திரை கட்டிவிடுகிறோம்” என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரே கூரை, ஒரே காற்றுக்குழாய் என்றால் அது ஒரே கட்டடம். விலங்குகள் எல்லாம் வேறு கட்டடத்துக்குப் போக வேண்டும். பறவைகள் இருந்தால் முதலில் அவற்றை. பறவைகளின் நுரையீரல் அமைப்பு காற்றிலுள்ளதை நம்மைவிடத் திறமையாக எடுத்துக்கொள்ளும், நஞ்சையும் அப்படியே. விலங்குகளைத் தற்காலிகமாகத் தம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களின் வளர்ப்பு இல்லங்களுக்கு நாங்கள் பாதியை அனுப்பி, மீதியைத் தனியாக இருந்த பழைய கட்டடத்தில் வைத்தோம். அதற்கு ஆள் சேர்த்ததுதான் இந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி. ஆகவே ஃபோம் தேதியை முடிவு செய்யும் முன் வளர்ப்பு இல்லங்களின் பட்டியலை முடியுங்கள்.

திரும்ப உள்ளே போகப் பொதுவாக 24 மணி நேரம் என்று சொல்வார்கள். அது ஃபோமையும் காற்றோட்டத்தையும் பொறுத்தது. நாங்கள் அதைவிடக் கூடுதலாகவே காத்திருந்தோம், எல்லா ஃபேனும் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொன்றும் உண்டு, துருத்தி நிற்கும் ஃபோமைச் சீவும்போது பறக்கும் தூள். அது கூண்டுக் கம்பியிலும் அலமாரியிலும் படிந்து, பூனையின் ரோமத்துக்குப் போய், நக்கும்போது வயிற்றுக்குள் போகும். வாக்குவம் போட்டு எடுத்து, ஈரத்துணியால் எல்லாப் பரப்பையும் துடைத்து முடித்த பிறகே முதல் விலங்கு உள்ளே வரட்டும்.

அடிக்கும் முன் தகட்டைத் துடைப்பதிலும் கூடவே நில்லுங்கள். புதுத் தகட்டில் எண்ணெய்ப் படலம் இருக்கும். பழையதில் தூசி, ஒட்டடை, நம் இடங்களில் முக்கியமாக நாய் ரோமம். ஃபேன் காற்றில் பறந்த ரோமம் குறுக்குக் கம்பிகளின் மேல் கனமாகப் படிந்திருந்ததை ஏணியில் ஏறிப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியம். அதன் மேல் அடித்தால் ஃபோம் ரோமத்தோடுதான் ஒட்டும், தகட்டோடு அல்ல. அப்புறம், குளோஸ்டு செல்லை ஒரே மூச்சில் தடிமனாக அடிக்க விடக் கூடாது. வழக்கமாக ஒரு தடவைக்கு இரண்டு அங்குலம் அளவுதான், அது ஆறிய பிறகு அடுத்தது. உப்பும்போது உள்ளே பெரும் சூடு கிளம்புகிறது. தடிமனாக அடித்தால் உள்ளே கருகி விரிசல் விடும், அதனால் தீப்பிடித்த கட்டடங்களும் உண்டு.

முடிந்ததும் ஓரிரண்டு இடத்தில் சிறு துண்டாக வெட்டி எடுக்கச் சொல்லிக் கையில் வாங்கிப் பாருங்கள். கண்ணறைகள் சீராக, நிறம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பிசுபிசுத்தாலோ, கண்ணாடி போல நொறுங்கினாலோ கலவை விகிதம் தவறியிருக்கிறது. நாட்கள் கழிந்தும் மீன்வாடை போல ஒன்று அடித்தால் அது வினையூக்கியாகச் சேர்க்கும் அமீன். வாசனைத் திரவியம் அடித்து மறைக்கப் பார்க்காமல், அந்தப் பகுதியைச் சுரண்டி எடுத்து மறுபடி அடிக்கச் சொல்ல வேண்டும். நாயின் மூக்கை நினைத்தால் இதில் விட்டுக்கொடுக்கவே மனம் வராது.

உப்ப வைக்கும் வாயுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. சில குளோஸ்டு செல் ஃபோம்களில் உள்ள எச்எஃப்சி வாயு, கார்பன் டை ஆக்சைடைப் போலச் சுமார் ஆயிரம் மடங்கு புவியைச் சூடாக்கக்கூடியது. இந்த வாயுக்களைக் குறைக்க உலக நாடுகள் 2016இல் செய்துகொண்ட கிகாலி உடன்பாட்டுக்குப் பிறகு பல நாடுகள் அதைக் குறைத்து வருகின்றன. அதற்கு மாற்றாக வந்த எச்எஃப்ஓ வகை வாயுவில் அந்தப் பாதிப்பு மிகமிகக் குறைவு. விலங்குகளுக்காக வேலை செய்கிறவர்கள் எச்எஃப்ஓ இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுவிட்டு வாங்குவதே சரி.

குரைப்புச் சத்தம் குறையுமா என்றும் கேட்கிறார்கள். கொட்டில்களில் அது 100 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. குளோஸ்டு செல் அதை உறிஞ்சாது, அதன் மேல் பலகையும் போட்டுவிட்டால் ஒலி பட்டுத் திரும்பத்தான் செய்யும். அதற்குக் கழுவக்கூடிய உறை போட்ட ஒலித்தடுப்புப் பலகைகளை உயரத்தில் தனியாகத் தொங்கவிட வேண்டும். எலிக்கு ஃபோம் உணவு அல்ல, ஆனால் குடைந்து கூடு கட்ட அருமையான இடம். விளிம்புகளில் கால் அங்குலக் கண்ணுள்ள இரும்பு வலை அடித்து, அதன் மேல் முடிக்கச் சொல்லுங்கள். கோழிகள் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கோழிகள் ஃபோமைக் கொத்தும். எருவில் வளரும் ஒரு சிறு கருவண்டின் புழுக்கள் சுவரேறிப் போய் ஃபோமுக்குள் துளை போடும்.

கடைசியாக, கையடக்க ஃபோம் கேன்கள். பெரிய வேலை முடிந்தபின் மீந்த ஓட்டைகளை அடைக்கத் தன்னார்வலர்கள் ஆர்வத்தோடு வாங்கி வருவது இது. இதிலும் இருப்பது எம்டிஐதான், ஈரம் பட்டால் உப்பி இறுகும். எம்டிஐ உள்ள பசைகளை நாய்கள் தின்று, வயிற்றுக்குள் அது உப்பிக் கல்லாகி, அறுவை சிகிச்சை செய்து எடுக்க வேண்டியிருப்பது கால்நடை மருத்துவர்கள் நன்கு அறிந்த விஷயம். மிகக் கொஞ்சம் தின்றாலும் இப்படி ஆகலாம். எங்களிடம் கேன்கள் பூட்டிய அலமாரியில்தான் இருக்கின்றன, விலங்கு உள்ள கூண்டில் யாரும் அதைத் திறக்கக் கூடாது. நாய் தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், தண்ணீரும் கொடுக்காதீர்கள். உப்பிக்கொண்டிருக்கும் நுரை உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். கேனையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.